இடது பின்கதவு

மேபலை ஓட்டுவீர்களா என்று அப்போது யாராவது கேட்டால் ஓட்டுவேன் என்றுதான் சொல்வேன். அது பொய் இல்லை. கராஜிலிருந்து டிரெய்லர் வரைக்கும் ஓட்டுவேன். கண்காட்சி மைதானத்தில் டிரெய்லரிலிருந்து புல்தரை வரைக்கும் ஓட்டுவேன். சாயங்காலம் அதே தூரம் திரும்ப. வாங்கிய முதல் ஒன்பது வருடத்தில் அவள் என் கையில் ஓடியது மொத்தம் மூன்று மைல் இருந்தால் அதிகம்.

மேபல் 1925-ஆம் வருடத்து டூரர் கார். துணிக்கூரை, நாலு கதவு, நாலு சிலிண்டர். பெயர் வைத்தது நான் இல்லை. மைட்லாண்ட் பக்கத்துப் பண்ணை ஒன்றில் ஏலத்துக்கு வந்தபோதே அவளுக்கு அந்தப் பெயர் இருந்தது. எங்கள் ஊர் கடினாவில் முப்பத்தெட்டு வருடம் மருந்துக்கடை நடத்திவிட்டு, கடையை விற்ற மறுமாதம் அவளை வாங்கினேன். அந்த ஒன்பது வருடத்தில் ஒரு சொட்டு மழை அவள் மேல் பட்டதில்லை. சக்கரக் கம்பிகளைக் காது குடையும் பஞ்சுக் குச்சியால் துடைப்பேன். அதைப் பார்த்த என் மனைவி க்ளெனிஸ், "என் காதைக் கூட நீ இவ்வளவு கவனமாப் பார்த்ததில்ல, லயல்" என்றாள். நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

எங்கள் தீபகற்பத்துப் பழைய கார் மன்றத்தில் போட்டிக்கு ஐந்து பிரிவுகள் உண்டு. அவற்றில் மேலானது 'கை படாதவை'. கம்பெனியிலிருந்து வெளியே வந்த நாளில் அடித்த அதே பெயிண்ட், அதே தோல் இருக்கை, அதே தகடு. வெடிப்பு இருக்கலாம், நிறம் மங்கியிருக்கலாம், யாரும் சரி பண்ணியிருக்கக் கூடாது. மேபல் அந்தப் பிரிவில் ஆறு தடவை கோப்பை வாங்கியவள். எல்லாப் பிரிவுக்கும் சேர்த்து விதிகள் பதினாலு பக்கம். அத்தனையும் எழுதியவன் நான்தான். அப்போது மன்றத்தின் தலைமை நடுவரும் நான்தான். என் வண்டிக்கு நானே மார்க் போட முடியாது என்பதால் அந்தப் பிரிவுக்கு மட்டும் மன்றத் தலைவர் ராஸ் ஆங்வின் மார்க் போடுவான். ராஸ் என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். அது முறையா என்று நீங்கள் கேட்கலாம். விதிகளில் அதற்குத் தடை இல்லை. எனக்குத் தெரியும், எழுதியது நான்.

நடுவராகச் சுற்றும்போது என் சட்டைப் பையில் ஒரு காந்தம் இருக்கும். கீறல் விழாமல் இருக்க க்ளெனிஸிடம் சொல்லி அதற்கு ஃபிளானல் துணியில் ஒரு உறை தைத்து வாங்கியிருந்தேன். சந்தேகம் வந்தால் தகட்டில் வைத்துப் பார்ப்பேன். ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் உள்ளே பட்டி. அடிபட்ட பள்ளத்தை நிமிர்த்தாமல் பட்டியை அப்பி, தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இப்படிக் கண்டுபிடிக்கும்போது நான் முகத்தில் ஒரு வருத்தத்தை வரவழைத்துக்கொள்வேன். அந்த வருத்தம்தான் எல்லோருக்கும் எரிச்சல் என்று பிற்பாடு தெரிந்தது.

அந்த அக்டோபர் ஞாயிற்றுக்கிழமை மூண்டா கால்பந்து மைதானத்தில் அறுபத்திரண்டு வண்டிகள். கடல் காற்றில் கூடாரத் துணிகள் படபடத்துக்கொண்டிருந்தன. மேபலைச் சுற்றிப் பித்தளைக் கம்பம் நட்டுச் சிவப்புக் கயிறு கட்டியிருந்தேன். முன்னால் ஒரு அறிவிப்பு. 'தயவுசெய்து தொடாதீர்கள்' என்று மட்டும் எழுதினால் போதும். நானோ, வியர்வையில் உள்ள அமிலம் பழைய பெயிண்டை என்ன செய்யும் என்று மூன்று பத்தி எழுதியிருந்தேன்.

பதினோரு மணிக்கு நொரீன் கிட்டோ வந்தாள். நொரீன் பார்லியும் ஆடும் வைத்துப் பண்ணை நடத்துகிறவள். அவளிடம் 1928-ஆம் வருடத்துச் சின்ன லாரி ஒன்று இருக்கிறது. அதில்தான் தீவன மூட்டை ஏற்றுவாள், அதிலேயே கண்காட்சிக்கும் வருவாள், பின்னால் நாய் உட்கார்ந்திருக்கும். முந்தின வருடம் அந்த லாரியில் ஸ்டார் ஸ்க்ரூ ஏழு இருப்பதைக் கண்டுபிடித்து, 1928-இல் அப்படி ஒரு ஸ்க்ரூவே கிடையாது என்று விளக்கி, பதினோரு மார்க் குறைத்திருந்தேன். அதிலிருந்து அவளைப் பார்த்தால் கொஞ்சம் சங்கடம். பாவம், மனசு நொந்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன்.

அவள் கையைப் பிடித்தபடி எழுபதைத் தாண்டிய ஒரு அம்மாள் வந்தார். குட்டையான உருவம், அகலமான தோள், கையில் வெள்ளைத் தடி.

"லயல், இது மெர்ல் ஃபிட்ஸ்னர். போர்ட் பிரீல இருந்து இப்பத்தான் எங்க ஊருக்குக் குடி வந்திருக்கா. உன் காரைப் பார்க்கணுமாம்" என்றாள் நொரீன்.

"தாராளமாப் பார்க்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் தடியை யோசித்தேன்.

"எனக்குப் பார்க்கிறதுன்னா கைதான்" என்றார் மெர்ல். "நீ கயிறு கட்டியிருக்கிறதா நொரீன் சொன்னா. அவுத்து விடறியா, இல்ல நான் தாண்டணுமா?"

நான் பெட்டியைத் திறந்து வெள்ளைப் பருத்திக் கையுறை ஒரு ஜோடி எடுத்து நீட்டினேன். அவர் விரலால் தடவிப் பார்த்து, என்னவென்று புரிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இதைப் போட்டுக்கிட்டா, உன் கண்ணுல துணியைக் கட்டிக் கார் பார்க்கச் சொன்ன மாதிரி."

மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த க்ளெனிஸ், பின்னிக்கொண்டிருந்த கம்பளியிலிருந்து தலையைத் தூக்காமல், "லயல்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். முப்பத்தைந்து வருடத்துக் கல்யாணத்தில் அது போதும். கயிற்றை அவிழ்த்தேன். மோதிரத்தைக் கழற்ற முடியுமா என்று மட்டும் கேட்டேன். மெர்ல் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.

முன் மட்கார்டில் ஆரம்பித்தார். விரல் நுனியால் இல்லை, முழு உள்ளங்கையையும் பதித்து, குதிரையைத் தடவுகிற மாதிரி நீளமாக இழுத்தார். பானெட்டுக்கு வந்து நின்றார். "பிரஷ்ஷால அடிச்ச பெயிண்ட். அடிச்சவன் இடது கைக்காரன். அருமையான கை." எனக்கு நெஞ்சு விரிந்தது. சுற்றி நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். இவர் பேசப் பேச நான் அவர்களைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தேன், ஏதோ அந்தப் பெயிண்டை நான் அடித்த மாதிரி.

முன் கதவைத் தாண்டி இடது பின்கதவுக்கு வந்தார். கை நின்றது. திரும்ப ஒரு தடவை இழுத்தார். வட்டமாகத் தேய்த்தார். பிறகு விரல் முட்டியால் மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு. மேலே டங் என்றது. கீழே டொக் என்றது.

"இந்தக் கதவை யார் செஞ்சது?"

"யாரும் செய்யலையே. இருபத்தஞ்சுல வந்தது வந்தபடி இருக்கு."

"இல்லப்பா. உள்ள பட்டி இருக்கு. அரை அங்குலத்துக்கு மேல. போட்டவன் நல்லாப் போட்டிருக்கான், கண்ணுக்குத் தெரியாது." கையை எடுத்துவிட்டு, "கண்ணுக்குத் தெரியாதுதான்" என்று மறுபடியும் சொன்னார், ஆறுதல் சொல்கிற மாதிரி.

"நீங்க தப்பா நினைக்காதீங்க, இந்த வண்டி எனக்கு அத்துபடி."

"பதினாறு வயசுல எங்கப்பா பட்டறையில சேர்ந்தேன். டிங்கர் வேலைதான் கடைசி வரைக்கும். அம்பத்தெட்டு வயசுல கண்ணு போச்சு. அப்புறமும் அஞ்சு வருஷம் செஞ்சேன். மோதிரத்தைக் குடு."

கொடுத்தேன். அவர் நன்றி சொல்லிவிட்டு நொரீனோடு கிளம்பிவிட்டார். கூடியிருந்தவர்கள் இறைச்சி அடைத்த பேஸ்டி விற்கிற கூடாரத்துப் பக்கம் நகர்ந்தார்கள். அவர்கள் காதில் விழுந்ததா இல்லையா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

காந்தம் என் சட்டைப் பையில்தான் இருந்தது. ஒன்பது வருடமாக இந்த மைதானத்தில் நிற்கிற எல்லா வண்டியிலும் வைத்துப் பார்த்திருக்கிறேன், என் வண்டியைத் தவிர. ஷூ கயிறு கட்டுகிற மாதிரி பின்கதவுப் பக்கம் குனிந்தேன். நான் போட்டிருந்தது கயிறு இல்லாத ஷூ. காந்தத்தைக் கதவின் கீழ்ப்பாதியில் வைத்துக் கையை எடுத்தேன். அது புல்லில் விழுந்தது. இன்னொரு இடத்தில் வைத்தேன். விழுந்தது. மேல்பாதியில் வைத்தேன். ஒட்டிக்கொண்டது.

"என்ன பண்றே?" என்றாள் க்ளெனிஸ்.

"ஒண்ணுமில்ல."

"ரெண்டு தடவை எதையோ கீழ போட்டே."

மார்க் போட இரண்டு மணிக்குத்தான் வருவார்கள். அதுவரைக்கும் என் தலைக்குள் ஒரு வக்கீல் வாதாடிக்கொண்டே இருந்தான். ஒன்பதாவது விதி: 'வண்டியில் பட்டி இருப்பதை அறிந்த உரிமையாளர் அதைத் தானே முன்வந்து அறிவிக்க வேண்டும், தவறினால் பிரிவிலிருந்து நீக்கம்.' அறிந்த என்றால் என்ன? ஒரு நிமிடம் தடவிப் பார்த்த ஒருவர் சொன்னது அறிவா, அபிப்பிராயமா? காந்தம் பழசு, அதன் சக்தி குறைந்திருக்கலாம். மேல்பாதியில் ஒட்டியதை என்ன செய்வது என்று வக்கீலுக்குத் தெரியவில்லை. ஒரு பேஸ்டி வாங்கினேன். ஒரு கடி கடித்துவிட்டு அதைப் பிடித்துக்கொண்டே மைதானத்தை இரண்டு சுற்று வந்தேன்.

இரண்டாவது சுற்றில் நொரீனிடம் போய் நின்றேன். அவள் லாரியின் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"நொரீன், மெர்ல் சொன்னதைப் பத்தி..."

"எது, கதவா?"

"நீ யார்கிட்டயும்..."

"நான் ஏன் சொல்லப் போறேன். உன் கார், உன் கதவு."

அவள் ஒரு வார்த்தை குத்திப் பேசியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். பேசவில்லை. நானே, "போன வருஷம் அந்தப் பதினோரு மார்க்... உனக்குக் கஷ்டமா இருந்திருக்கும்" என்றேன்.

நொரீன் என்னை உற்றுப் பார்த்தாள். "கஷ்டமா? ஏழு ஸ்க்ரூவையும் நீ முழங்கால் போட்டு எண்ணினதை வீடு போற வரைக்கும் நாய்கிட்ட நடிச்சுக் காட்டிக்கிட்டே போனேன். வருஷத்துல அதுதான் எனக்கு நல்ல நாள்." பிறகு என் கையைப் பார்த்து, "அந்தப் பேஸ்டியைத் திங்கப் போறியா, இல்ல அதுக்கும் மார்க் போடப் போறியா?" என்றாள்.

பேஸ்டியை நாய்க்குக் கொடுத்தேன்.

இரண்டு மணிக்கு ராஸ் அட்டையும் பேனாவுமாக வந்தான். மேபலின் பக்கமே திரும்பாமல் கட்டங்களில் வரிசையாக டிக் போட்டான்.

"கதவெல்லாம் பார்க்கலையா?" என்றேன்.

"உன் வண்டியில என்னத்தடா பார்க்கிறது. நீ பார்க்காததையா நான் பார்க்கப் போறேன்?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். "காத்து ஜாஸ்தியா இருக்கு, இல்ல?" என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

நாலு மணிக்குப் பரிசளிப்பு. 'கை படாதவை' பிரிவில் மேபல் என்று ராஸ் மைக்கில் சொன்னான். கைதட்டல் கேட்டது. சுமாரான கைதட்டல், ஏழாவது தடவைக்கு அவ்வளவுதான் கிடைக்கும். போகாதே என்று மனசு சொன்னது. கால் கேட்கவில்லை, அதற்கு வழி பழக்கம். கோப்பையை ஒரு கையில் வாங்கி, மறு கையில் மைக்கையும் வாங்கிக்கொண்டேன். வழக்கம்போல முன்கூட்டியே தட்டச்சு செய்த உரை பையில் இருந்தது. கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அதை எடுத்துப் பிரித்தேன். முதல் வரி: 'நண்பர்களே, இந்த வண்டியில் ஒரு பொய்கூட இல்லை.'

'நண்பர்களே' வரைக்கும் வந்தேன். அதற்கு மேல் படிக்காமல் தாளை மடித்தேன். மைக்கில் காற்று மட்டும் இரைந்தது. நான் நெகிழ்ந்துபோய் நிற்கிறேன் என்று நினைத்து ராஸ் என் முதுகைத் தட்டிக் கொடுத்தான்.

"இடது பின்கதவுல பட்டி இருக்கு" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். வாழ்நாளில் நான் சொல்லி ஒரு கூட்டம் முழுக்கச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"நிஜமாத்தான் சொல்றேன். கீழ்ப்பாதி முழுக்கப் பட்டி. காந்தம் ஒட்டல."

இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். நான் பையிலிருந்து காந்தத்தை எடுத்துக் காட்டினேன், என்னமோ அதைப் பார்த்தால் நம்பிவிடுவார்கள் என்று. பின்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் நான் ஒன்பதாவது விதியை முழுவதும் ஒப்பித்த பிறகுதான் சிரிப்பு அடங்கியது.

ராஸ் மைக்கைக் கையால் மூடினான். "லயல், போய் உட்காரு. யாரும் கவலைப்படல."

"விதி இருக்கு, ராஸ்."

"விதியை நீ எழுதின. எங்கள்ல ஒருத்தனும் படிச்சதில்லடா. ரெண்டாம் பக்கத்தோட நான் தூங்கிட்டேன்."

என்னைப் பிரிவிலிருந்து நீக்கச் சொல்லி நானே வாதாடினேன். தலைக்குள் இருந்த வக்கீல் இப்போது எதிர்த்தரப்புக்கு மாறியிருந்தான். கமிட்டிக்காரர்கள் டீ பாய்லர் பக்கத்தில் ஒதுங்கி நின்று, ஐந்து நிமிடம் பேசி, எனக்காக மனமிரங்கி என்னை நீக்கினார்கள். அந்த வருடம் அந்தப் பிரிவில் வேறு வண்டியே இல்லை. கோப்பை ராஸோடு போனது.

வீட்டுக்குப் போகும்போது பாதி வழி வரைக்கும் க்ளெனிஸ் கம்பளி பின்னிக்கொண்டே வந்தாள். பிறகு, "காந்தத்தை ஏன் காட்டினே?" என்று கேட்டாள். பதில் யோசிப்பதற்குள் அவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். காரை ஓரமாக நிறுத்த வேண்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் நானும் சிரித்தேன், ஆனால் அவள் அளவுக்கு இல்லை.

மறுநாள் தலைமை நடுவர் பதவியிலிருந்து விலகுவதாக ராஸுக்குக் கடிதம் எழுதினேன். வேண்டாம் என்று சொல்வான் என எதிர்பார்த்தேன். 'சரி, நன்றி' என்று பதில் வந்தது.

அந்த வாரமே மைட்லாண்ட் பண்ணைக்காரருக்குப் போன் செய்தேன். மேபலை விற்றவர் அவர்தான், இப்போது எண்பது வயது. கதவு என்றதும் சிரித்தார். "ஓ, அதுவா. அறுபத்தொண்ணுல எங்கம்மா காரைப் பண்ணை வாசல் கம்பத்துல கொண்டுபோய் இடிச்சிட்டாங்க. அப்பா அப்ப அடிலெய்டு போயிருந்தாரு. அவர் வர்றதுக்குள்ள யாரையோ பிடிச்சு ரெண்டு நாள்ல சரி பண்ணிட்டாங்க. அப்பாவுக்குச் சாகிற வரைக்கும் தெரியாது."

"எனக்கு விக்கும்போது நீங்க சொல்லலையே."

"நீ எங்க கேட்டே? நீ ரெண்டு மணி நேரம் அந்தக் காரைப் பத்தி எனக்குப் பாடம் எடுத்தே."

அது உண்மை. எடுத்தேன்.

பிறகு நொரீனிடம் நம்பர் வாங்கி மெர்லைக் கூப்பிட்டேன். பட்டியை எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன், யாரிடம் கொடுக்கலாம் என்று கேட்டேன். "யாருக்கும் குடுக்க வேணாம். சுத்தியல் என்கிட்ட இருக்கு. சனிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போ" என்றார்.

மூன்று சனிக்கிழமை வந்தார். பட்டியைப் பெயர்க்கிறது என் வேலை, ஏனென்றால் எனக்குக் கண் இருக்கிறதாம். பெயர்ந்து விழ விழ அடியில் அந்தப் பள்ளம் தெரிந்தது. கம்பத்தின் வளைவு அப்படியே பதிந்த, என் கட்டைவிரல் புதைகிற அளவுக்குப் பள்ளம். உள்பக்கம் நான் இரும்புக் கட்டையை அண்டக் கொடுத்துப் பிடித்துக்கொள்ள, வெளிப்பக்கம் மெர்ல் இடது கையால் இடத்தைத் தடவி வலது கையால் அடித்தார். பள்ளத்தின் நடுவில் அடிக்கவே இல்லை. விளிம்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி வந்தார்.

"கட்டை நகருது."

"நகரலையே, நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"நீ பார்க்கிறதுதான் கோளாறு. கையை வெச்சுப் பாரு. இங்க. மெதுவா. மேடு தெரியுதா?"

தெரியவில்லை. இரண்டாவது சனிக்கிழமையும் தெரியவில்லை. மூன்றாவது சனிக்கிழமை மத்தியானம், கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை இழுத்தபோது, ஒரு இடத்தில் தகடு மூச்சை இழுத்துக்கொண்ட மாதிரி லேசாக எழும்பியிருந்தது. "இங்கயா?" என்றேன். அவர் என் கை மேல் கை வைத்துப் பார்த்தார். "அதேதான்" என்று ஒரு தட்டு தட்டினார். எழும்பியிருந்தது படுத்துவிட்டது. ஒன்பது வருடத்தில் அந்த வண்டியைக் கையுறை இல்லாமல் அவ்வளவு நேரம் நான் தொட்டதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெளியே சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஏதாவது சொல்வார்.

கதவுக்குச் சிவப்பு பிரைமர் மட்டும் அடித்து நிறுத்தினோம். மேலே என்ன பெயிண்ட் அடிப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. எனக்கும் மெர்லுக்கும் இதில் ஒத்துப்போகவில்லை, க்ளெனிஸ் இரண்டு பக்கமும் சேர மறுக்கிறாள்.

ஓட்டவும் கற்றுக்கொண்டேன். பழைய கியர்பாக்ஸ், வேகம் சரியாகப் பொருந்தினால்தான் கியர் விழும், இல்லாவிட்டால் கரகரவென்று ஊரையே கூப்பிடும். பின் சீட்டில் உட்கார்ந்து மெர்ல் இன்ஜின் சத்தத்தைக் கேட்டு "இப்ப" என்று சொல்வார், நான் கியர் போடுவேன். அவர் வராத நாளில் ஊர் முழுக்கக் கேட்கும். மழையில் ஒரு தடவை மாட்டினோம். ஒன்றும் ஆகவில்லை.

போன அக்டோபரில் கடினாவிலிருந்து மூண்டாவுக்கு டிரெய்லர் இல்லாமல் போனோம். சாதாரணப் பிரிவில் சேர்ந்தேன். ஆறாவது இடம். மார்க் தாளை வாங்கிப் பார்த்தேன். கதவுக்கு ராஸ் நாலு மார்க் குறைத்திருந்தான். பெயிண்ட் இல்லாத கதவுக்கு ஏழு குறைக்க வேண்டும், விதிகளின் ஐந்தாம் பக்கத்தில் தெளிவாக இருக்கிறது. அவன் மேஜைக்கு நேராக நடந்தேன். பாதி வழியில் நின்றேன். முழுசாக ஒரு நிமிடம் நின்றேன். பிறகு திரும்பி வந்து, மெர்லுக்கு ஒரு பேஸ்டி வாங்கிக் கொடுத்து, எனக்கும் ஒன்று வாங்கி, மட்கார்டில் சாய்ந்துகொண்டே சூடாகத் தின்றேன். மேபல் மேல் துகள் சிந்தியது. சாயங்காலம் துடைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்தேன்.